அறிவியல் அறநிறுவனங்களை ஆள்பவர் யார்? பினாங்கை முன்வைத்து

ஜார்ஜ்டவுனின் நடுவே நிற்கும் கொம்தார், 65 மாடியாகக் கட்டப்பட்ட கோபுரம். அதன் அடிக்கட்டடத்தின் மேல், முக்கோணச் சட்டங்களைக் கோத்துக் கட்டிய அரைக்கோளக் கூடம் ஒன்று உண்டு. கூட்டங்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் நெடுங்காலம் பயன்பட்ட அந்தக் கூடத்தில் 2016-இல் டெக் டோம் பினாங்கு என்னும் அறிவியல் காட்சிக்கூடம் திறக்கப்பட்டது. முயற்சி மாநில அரசுடையது. தொழில் நிறுவனங்கள் கைகொடுத்தன. நடத்துவது லாப நோக்கற்ற அமைப்பு. அதே 2016-ஐத்தான் மலேசியத் தமிழர்கள் தமிழ்க்கல்வியின் 200-ஆம் ஆண்டாகக் கொண்டாடினார்கள். 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து வரும் கணக்கு அது. ஒரே ஊரின் இந்த இரண்டு நிகழ்வுகளையும் ஒரே மூச்சில் பேசியவர்கள் அரிது.

அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்வது பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் காட்சிப்பொருள், பார்வையாளர், கற்றல் விளைவு என்றே சுற்றிவருகின்றன. அப்பணியைச் செய்யும் அமைப்பின் நிர்வாகக் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பது ஆண்டறிக்கையின் உள்ளட்டையில் படங்களாக அச்சாவதோடு சரி. கேள்வி எழுந்தாலும், குழுவில் எத்தனை பெண்கள், எந்த இனத்தவர், எத்தனை முனைவர்கள் என்ற எண்ணிக்கையாகவே எழுகிறது. அந்த எண்ணிக்கை தேவைதான். ஆனால் முதன்மையான கேள்வி வேறு: அக்குழுவைக் கேள்வி கேட்கவும், வேண்டுமானால் மாற்றவும் யாருக்கு உரிமை இருக்கிறது? இந்த வாதத்துக்கும் எளிதில் பிடிபடாத எதிர்ச்சான்று ஒன்றைப் பினாங்கே வைத்திருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

முதலில் சட்டம். மலேசியாவில் இத்தகைய அமைப்பைத் தொடங்குபவர் முன் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின்கீழ்ப் பதிவது. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை, உள்கணக்காய்வாளர், ஆண்டுப் பொதுக்கூட்டம், அது முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு அறிக்கை: கோயில் முதல் கால்பந்துக் கழகம் வரை எதிலாவது இருந்த எந்த மலேசியத் தமிழருக்கும் இந்தச் சடங்கு மனப்பாடம். மற்றது, 2016-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு வகுக்கும் உத்தரவாத வரம்பு நிறுவனம். இதில் பங்கும் இல்லை, லாபப் பங்கீடும் இல்லை. நிறுவனம் கலைந்தால் இவ்வளவு தருகிறேன் என்று உறுப்பினர் எழுதிக்கொடுக்கும் தொகைதான் உத்தரவாதம். கலை, அறிவியல், அறம் போன்ற நோக்கங்களுக்காக அமையும் இந்த வடிவத்தின் பெயர் 'பெர்ஹாட்' என்று முடிவதால், வங்கியிலும் நன்கொடையாளரிடத்திலும் அதற்குத் தனி மரியாதை. பெரும் பணம் வரும் இடத்தில் இந்த வடிவமே விரும்பப்படுவதில் வியப்பில்லை.

இரண்டிலும் நிர்வாகிகள் உறுப்பினருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆனால் சங்கத்தின் வாசலில் சந்தா கட்ட வருபவர் நிற்கிறார். உத்தரவாத நிறுவனத்திலோ உறுப்பினர் பட்டியல் தொடங்கியவர்களோடே நின்றுவிடலாம். இயக்குநர்களும் உறுப்பினர்களும் ஏறக்குறைய அதே ஆட்களாகிவிட்டால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அறிக்கை வாசிப்பவரும் அதை ஏற்றுக்கொள்பவரும் ஒருவரே. சட்டம் மீறப்படவில்லை, கணக்காய்வும் சுத்தமாக இருக்கும். கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

இத்தகைய மூடிய ஆட்சிமுறை பினாங்கில் இயல்பாகத் தோன்றுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1972-இல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் உருவாகி, இன்டெல், ஏஎம்டி, ஹியூலெட் பேக்கார்ட், பாஷ், ஹிட்டாச்சி என்று ஆலைகள் வந்தன. 1989-இல் மாநில அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை நிறுவின. அரசு இடம் கொடுத்தது. நிறுவனங்கள் இயந்திரமும் பயிற்றுநர்களும் பாடத்திட்டமும் கொடுத்தன. சந்தையில் போட்டியிட்டவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து எந்தப் பயிற்சி தேவை என்று முடிவுசெய்தார்கள். உறுப்பு நிறுவனங்களிலிருந்து வரும் மன்றமே அதை ஆள்கிறது. பிற மாநிலங்கள் அந்த மாதிரியைப் பின்பற்றின. வெளிநாட்டு ஆய்வாளர்கள் அதைப் பாராட்டி எழுதினார்கள். பாராட்டு நியாயமானதே. பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது அதே நிறுவனங்கள் என்பதால், பயிற்சி மோசமாக இருந்தால் முதலில் அடிபடுவது ஆளும் மன்றத்தின் ஆலைதான். பணம் தருபவர், பயன் பெறுபவர், ஆள்பவர் மூவரும் ஒருவரே.

அறிவியல் காட்சிக்கூடத்துக்கு அதே ஆட்சிமுறை பெயர்ந்து வரும்போது இந்த முடிச்சு அவிழ்ந்துவிடுகிறது. இங்கே பயன்பெறுபவர் பத்து வயதுப் பிள்ளை, அவளைக் கூட்டிவரும் ஆசிரியை, பேருந்துக் கூலிக்குப் பணம் திரட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கம். காட்சி பிடிக்கவில்லை என்றால் அவர்கள் அடுத்த ஆண்டு வரமாட்டார்கள், அவ்வளவே. அந்த வராமை நிர்வாகக் குழுவின் மேசைக்குச் சேர்வது வருகை எண்ணிக்கையில் ஒரு சரிவாக மட்டும்தான். காரணம் கூட வராது. பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பாலானவை தீவில் இல்லை; பெருநிலத்தில், செபராங் பிறையில் இருக்கின்றன. பைராம், திரான்ஸ்கிரியான், சங்காட் போன்ற தோட்டப் பெயர்களை இன்னும் சுமக்கும் பள்ளிகள் அவை. நிபோங் திபால் பக்கத்திலிருந்து ஒரு வகுப்பைப் பாலம் கடத்திக் கொம்தாருக்குக் கொண்டுவந்து, மதியச் சாப்பாடு கொடுத்துத் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் தலைமையாசிரியர் போடும் கணக்கில் நுழைவுக் கட்டணம் ஒரு வரி மட்டுமே. பேருந்து தனி வரி. இந்தக் கணக்கைத் தன் கையால் போட்டவர் ஒருவர் குழுவில் இருந்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

ஏன் இருப்பதில்லை? தீய நோக்கம் தேட வேண்டியதில்லை. உத்தரவாத நிறுவனத்தில் இயக்குநர்களுக்கு ஊதியம் தருவதற்குக் கட்டுப்பாடு உண்டு. பொதுவாக எவரும் வாங்குவதும் இல்லை. சம்பளமில்லாப் பதவியில் வேலை நாளின் பிற்பகலில் கூடும் கூட்டத்துக்கு வரக்கூடியவர் யார்? தன் நிறுவனம் அந்த மூன்று மணி நேரத்தைச் சமூகப் பொறுப்பு என்று கணக்கெழுதிக்கொள்ளும் மேலாளர், ஓய்வுபெற்ற உயரதிகாரி, பேராசிரியர், அரசியல்வாதியின் சார்பாளர். தமிழ்ப்பள்ளி ஆசிரியை அரசு ஊழியர். பள்ளி நேரத்தில் வெளியேறவும், வெளி அமைப்பில் பதவி ஏற்கவும் துறையின் அனுமதி வேண்டும். ஊதியமின்மை அறத்தின் அடையாளமாகப் புகழப்படுகிறது. அதுவே வடிகட்டியாகவும் வேலை செய்கிறது.

இந்த இடத்தில் நம்மவர்களிடமிருந்து வழக்கமாக வரும் கோரிக்கை, குழுவில் ஓர் இந்தியருக்கு இடம் கொடுங்கள் என்பது. அதை நான் எள்ளவில்லை. ஆனால் அது எவ்வளவு தூரம் போகும்? பினாங்கின் இரண்டாம் துணை முதலமைச்சராக 2008 முதல் 2023 வரை இருந்த பேராசிரியர் இராமசாமி தமிழர். கல்வி, மனிதவளத்தோடு அறிவியல் தொழில்நுட்பமும் அவர் பொறுப்பில் இருந்திருக்கிறது. அதிகாரத்தின் அவ்வளவு உயரத்தில் ஒருவர் இருந்தும், கீழே இருக்கும் அமைப்புகளின் உறுப்பினர் பட்டியல் யாருக்குத் திறந்திருக்க வேண்டும் என்ற கேள்வி பொதுவிவாதமாக எழவில்லை. நியமிக்கப்பட்டவர் தம்மை நியமித்தவரின் முகத்தைத்தான் பார்ப்பார். அவர் எந்த இனத்தவராக இருந்தாலும் இது மாறுவதில்லை. பினாங்குத் தமிழருக்கு இது நூறாண்டுக்கு மேற்பட்ட பாடம். கோயில், பள்ளிவாசல் சொத்துகள் சீராக நிர்வகிக்கப்படவில்லை என்ற புகார்களை ஒட்டி 1905-இல் காலனி அரசு கொண்டுவந்த அறக்கட்டளைச் சட்டத்தின் வழியில் வந்ததுதான் இன்றைய பினாங்கு இந்து அறப்பணி வாரியம். அதன் உறுப்பினர்கள் நியமனம் பெறுபவர்கள். ஆட்சி மாறும்போதும் தலைமை மாறும்போதும் வாரியத்தின் முகமும் மாறுவதைப் பக்தர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், வாக்களித்ததில்லை.

நன்கொடையாளரின் செல்வாக்கு என்பது மிகை அச்சமா? லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நடந்ததைப் பார்க்கலாம். ஆற்றல் பற்றிய புதிய கூடத்துக்கு அதானி கிரீன் எனர்ஜி புரவலராவதை எதிர்த்து 2021 அக்டோபரில் ஹன்னா ஃப்ரை, ஜோ ஃபாஸ்டர் என்ற இரண்டு அறங்காவலர்கள் பதவி விலகினர். கூடம் அதானி பெயரோடே 2024-இல் திறந்தது. விலகியவர்களின் நேர்மை மதிக்கத்தக்கது. ஆனால் குழுவுக்குள் தோற்றவருக்கு எஞ்சிய ஒரே ஆயுதம் வெளியேறுவதாக இருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பினாங்குக்கு இதைப் பொருத்திக் கேட்டால்: ரோபோவையும் மின்காந்தத்தையும் காட்டும் ஊரில், அரைக்கடத்தி ஆலைகளில் இரவு முறையில் நுண்ணோக்கி பார்த்தே கண் களைத்த பெண்களின் உழைப்பையும் ஆலைக்கழிவையும் பற்றி ஒரு கூடம் அமைக்கும் யோசனையை யார் முன்வைப்பார்கள்? அதுவும் அறிவியல்தானே. யாரும் தடுக்க வேண்டியதே இல்லை, யோசனையே எழாது.

அப்படியானால் உறுப்பினர்களிடம் வாக்கைக் கொடுத்துவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் சாட்சி. 1799-இல் தொடங்கியது, ஃபாரடே உரையாற்றிய மேடை, உறுப்பினர்களுக்கு வாக்குரிமை உள்ள அமைப்பு. அங்கே சுமார் 2.2 கோடி பவுண்டு செலவில் கட்டடப் புதுப்பிப்பு நடந்து 2008-இல் முடிந்தது, சேமிப்பு கரைந்தது. 2010 ஜனவரியில் இயக்குநர் சூசன் கிரீன்ஃபீல்டின் பதவியே நீக்கப்பட்டது. ஆளும் குழுவை அகற்றி அவரைத் திரும்பக் கொண்டுவரக் கோரி உறுப்பினர்கள் அந்த ஏப்ரலில் சிறப்புக் கூட்டம் கூட்டினர், தீர்மானம் தோற்றது. 2013-இல் கட்டடத்தை விற்கும் பேச்சே எழுந்து, பெயர் வெளியிடாத ஒருவரின் பெருங்கொடையால் தள்ளிப்போனது. வாக்குரிமை அங்கே நிதி அறியாமையைத் தடுக்கவில்லை. ஆனால் எது தவறிப்போனது என்பதைப் பொதுவெளியில் கேட்கவைத்தது. மூடிய நிறுவனமாக இருந்தால் அந்தக் கூட்டமே இல்லை.

இனி எதிர்ச்சான்று. பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தை யாரும் அறிவியல் அமைப்பு என்று வகைப்படுத்துவதில்லை. ஆனால் உணவுச் சாயம், பூச்சிக்கொல்லி, பால் மாவு, புகையிலை பற்றி மலேசியக் குடும்பங்களுக்குக் கற்பித்ததில் எந்தக் காட்சிக்கூடமும் அதற்கு ஈடில்லை. தமிழிலும் வெளியீடுகள் கொண்டுவந்தது. ஈப்போ அருகே புக்கிட் மேராவில் ஏசியன் ரேர் எர்த் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து மக்கள் 1985-இல் வழக்குத் தொடுத்தபோது, சங்கத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் மீனாட்சி ராமன் அவர்களுக்காக வாதாடினார். 1992-இல் உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது. 1993-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு மாறியது. 1994-இல் ஆலை மூடப்பட்டது. கதிர்வீச்சு என்றால் என்ன என்று அந்த ஊர் மக்கள் கற்றது விடுமுறைச் சுற்றுலாவில் அல்ல.

இந்தச் சங்கத்தை ஆண்டவர் எஸ்.எம். முகமது இத்ரீஸ். தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த வணிகர். அறிவியல் பட்டம் எதுவும் இல்லாதவர். தொடக்கக் காலத்திலிருந்து 2019-இல் மறையும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, தலைவர் அவரே. நான் முன்வைத்த அளவுகோலை அப்படியே வைத்தால் இந்த அமைப்பு தேறக்கூடாது. பதிவுபெற்ற சங்கத்தின் விதிப்படி தலைவரை மாற்றும் வழி தாளில் இருந்திருக்கும், யாரும் பயன்படுத்தவில்லை. பின் எது அவரைக் கட்டுப்படுத்தியது?

என் பதில்: புகார்ப் பிரிவு. வாங்கிய பொருளோடும் ரசீதோடும் சந்தேகத்தோடும் வந்த மக்கள்தான் சங்கத்தின் நிகழ்ச்சி நிரலை எழுதினார்கள். ஒரு பொருளைப் பற்றிப் புகார்கள் குவிந்தால் அது ஆய்வாகும், ஆய்வு அறிக்கையாகும், அறிக்கை அமைச்சருக்குப் போகும். தலைவர் நிலையாக இருந்தார். எதைப் பற்றிப் பேசுவது என்பதை வெளியிலிருந்து வந்தவர்கள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே கேள்வி கேட்கும் உரிமையும் நீக்கும் உரிமையும் ஒன்றல்ல. முதலாவது உயிரோடு இருந்தால் இரண்டாவது தூங்கினாலும் அமைப்பு நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஆனால் அது இத்ரீஸ் போன்ற ஒருவரை நம்பி நிற்கும் ஏற்பாடு; மாதிரியாக எடுத்து வேறிடத்தில் நட முடியாது. இதே வயதுள்ள எத்தனையோ சங்கங்களில் நீண்ட தலைமை எப்படி முடிந்தது என்பதை நாமறிவோம்.

தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இந்த இரண்டு உரிமைகளையும் சேர்த்துக் கட்டப் பார்த்த முயற்சி. 1980-இல் அறிவியலாளர்களின் சிறு வட்டமாகத் தொடங்கியது, 1987-இல் சிறுவர் அறிவியல் இதழான 'துளிர்' வந்தபின்னும், அடுத்த ஆண்டுகளில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தின் வழியாகவும் பள்ளி ஆசிரியர்களின் கைக்கு மாறியது. கிளை, மாவட்டம், மாநிலம் என்று மாநாடுகளின் வழியே பொறுப்பாளர்கள் வருகிறார்கள். அங்கும் குறை உண்டு: ஆசிரியர் அல்லாதவர் குறைவு, இளையோர் இன்னும் குறைவு. ஆனால் கணிதப் பேராசிரியரும் புதுக்கோட்டைக் கிராமத்து ஆசிரியரும் ஒரே வாக்கு மதிப்போடு உட்காரும் அவை அது.

பினாங்குக்கு இதை அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. ஆலைகளின் பணமும் அரசின் இடமும் இல்லாமல் டெக் டோம் ஒரு மாதம்கூட நடக்காது. செய்யக்கூடியது சிறியது. உத்தரவாத நிறுவனத்தின் அமைப்பு விதியைத் திருத்தி உறுப்பினர் வகை ஒன்றைச் சேர்க்கலாம்: மாநிலத்தின் தமிழ், சீன, தேசியப் பள்ளிகளின் மேலாளர் வாரியங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆளுக்கொருவரை அனுப்பலாம், பெயரளவு உத்தரவாதத் தொகை, இயக்குநர்களில் மூன்றிலொருவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு, கூட்டம் சனிக்கிழமையில், ஓர் ஆண்டு கொம்தாரில், மறு ஆண்டு சுங்கை பாக்காப்பிலோ நிபோங் திபாலிலோ. செலவு அற்பம். சிக்கல் வேறு இடத்தில் வரும். நம் பள்ளி வாரியங்களே தம் பிரதிநிதியை எப்படித் தேர்ந்தெடுக்கும் என்று கேட்டாக வேண்டும். வாரியத் தலைவர் தம் மருமகனை அனுப்பிவைத்தால், கொம்தாரில் காலியாக இருந்த நாற்காலியில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பார். பேருந்துக் கணக்குப் போட்ட ஆசிரியை அப்போதும் வகுப்பறையில்தான் இருப்பார்.