நூலின் வாயிலும் காஞ்சி மாநகரும்

நூலுக்குப் பாயிரம் இன்றியமையாதது என்று கூறப் புகுந்த பவணந்தி முனிவர், மாநகருக்கு அமைந்த கோபுரத்தையும் ஓர் உவமையாகக் கொண்டார். காஞ்சியில் வாழ்வார்க்கு இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

முகவுரை, பதிகம், அணிந்துரை முதலாகப் பாயிரத்திற்கு ஏழு பெயர்களை நன்னூல் கூறும். ஆக்கியோன் பெயர், நூல் வந்த வழி, கேட்போர், பயன் முதலியவற்றை முன்னரே உணர்த்துவது அதன் தொழில். ஆயினும் ஆசிரியன் தன்னைத் தானே புகழ்தல் தகாது. ஆதலின் அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ சிறப்புப் பாயிரம் செய்தல் மரபாயிற்று.

நாடகத்திலும் இவ்வடக்கம் உண்டு. காஞ்சியிலிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மத்தவிலாசப் பிரகசனத்தை வடமொழியில் இயற்றினான். 1917-இல் திருவனந்தபுரத்தில் அச்சேறிய அந்நாடகத்தின் முன்னுரையில் சூத்திரதாரன் தோன்றி, ஊடல் கொண்ட தன் மூத்த மனைவியைத் தேற்றி நடிப்பதற்கு அழைக்கின்றான். அவ்வுரையாடலினிடையே நாடகத்தின் பெயரும் அதனைச் செய்த பல்லவ வேந்தன் பெருமையும் வெளிப்படுகின்றன. குன்றுகளைக் குடைந்து கோயில் எடுத்த மன்னனும் தன் புகழைக் கூத்தன் வாயாலன்றோ கூறுவித்தான்!

மன்னனுக்கு வாய்த்த இவ்வசதி கோயில் அர்ச்சகருக்கு வாய்க்கவில்லை. குமரகோட்டத்து முருகப்பெருமானைப் பூசித்த கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபொழுது, காப்புச் செய்யுளின் முதற்சொல்லிலேயே தடை எழுந்தது என்பது வழிவழிவந்த வரலாறு. சிவபெருமானின் திகழும் பத்துக் கரங்களைக் குறிக்கும் தொடரில், 'திகழ்' என்பதும் 'தசம்' என்பதும் புணர்ந்து 'திகட' என வருவதற்குத் தொல்காப்பியத்தில் விதி ஏது என்று அவையோர் வினவினர். முதலடி எடுத்துக் கொடுத்தவன் முருகனே என்று விடையிறுத்தும் அவை இசையவில்லை. பக்தர்களே நிறைந்த அவைதான். எனினும் இலக்கணம் கேட்டது! நூல் வாயிலிலேயே நின்றுவிட்டது. சிவாசாரியார் மனம் கலங்கினார்.

மறுநாள் சோழநாட்டுப் புலவர் ஒருவர் வீரசோழியத்துடன் அவைக்கு வந்தார். ழகரத்தின்முன் தகரம் வரின் இரண்டும் டகரமாகத் திரியும் என்னும் விதியை அதில் எடுத்துக் காட்டினார். வந்தவர் முருகப்பெருமானே என்பர். வீரசோழியம் பதினோராம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் எழுந்தது; அதனை இயற்றிய புத்தமித்திரனார் பௌத்தர். ஒரு சைவ புராணத்தின் கதவை அவர் நூல் திறந்ததென்று மரபு கூறுவது எண்ணி மகிழத்தக்கது.

அதன்பின் ஆறு காண்டங்களும், 10,345 செய்யுட்களும் தடையின்றி அரங்கேறின. அவ்வரங்கேற்ற மண்டபத்தைக் குமரகோட்டத்தில் இன்றும் தரிசிக்கலாம்.