இல்லம் புகுந்த படங்கள்: வாங்கத் தக்கனவும் தகாதனவும்

ஏட்டுச் சுவடிகள் செல்லுக்கும் தீக்கும் இரையான வரலாற்றைத் தமிழ் மக்கள் நன்கறிவர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர்தோறும் அலைந்து சுவடி தேடி, 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றியிராவிடில் நம் கையில் எஞ்சியிருக்கும் செல்வம் எவ்வளவு என்று எண்ணவும் அச்சமாகும். ஆயினும் நம் பாட்டன்மாரும் பாட்டியரும் கண்டு களித்த திரைப்படங்கள் அதே வழியில் அழிந்தொழிந்தன என்பதை நினைப்பவர் சிலரே. 1931 அக்டோபர் 31ஆம் நாள் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்'. எச். எம். ரெட்டி இயக்க, டி. பி. ராஜலட்சுமி அம்மையார் நடித்த அப்படத்தின் பிரதி ஒன்றேனும் இன்று இல்லை. நடராஜ முதலியார் எடுத்த முதல் தென்னிந்திய ஊமைப்படமாகிய 'கீசக வதம்' என்பதன் கதியும் அதுவே.

நாம் குடியிருக்கும் இத்திருவனந்தபுரத்தையே எடுத்துக்கொள்வோம். மலையாளத் திரைப்படத்தின் தந்தை என இன்று போற்றப்பெறும் ஜே. சி. டேனியல் அகஸ்தீசுவரத்துத் தமிழ்க் குடும்பத்தவர். தம் நிலத்தை விற்று, இந்நகரில் திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ் என்னும் படநிலையத்தை நிறுவி, 'விகதகுமாரன்' எடுத்தார். அது கேபிட்டல் தியேட்டரில் திரையிடப்பெற்ற ஆண்டு 1928 என்பார் சிலர், 1930 என்பார் பலர். நாயகியாக நடித்த ரோஸி தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் என்பதற்காக மக்களால் துரத்தப்பட்டு ஊரைவிட்டே செல்ல நேர்ந்தது. பொருளனைத்தும் இழந்த டேனியல் 1975இல் மறைந்தார். அவர் பெயரால் கேரள அரசு இன்று ஆண்டுதோறும் விருது வழங்குகிறது, படமோ இல்லை. அடுத்து 1933இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' நாவலின் உரிமை பற்றிய வழக்கில் சிக்கி முடங்கிற்று. அதன் பிரதி மட்டும் பிற்காலத்தில் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தை அடைந்து பிழைத்தது. ஓடிய படம் அழிந்தது, வழக்கில் கிடந்த படம் வாழ்ந்தது! அக்காப்பகத்தை வளர்த்தெடுத்த பி. கே. நாயர் இந்நகரத்தில் பிறந்தவர் என்பதும் இவ்வூரார் பெருமை கொள்ளத்தக்க செய்தி. அக்காவலும் போதவில்லை. 2003 ஜனவரியில் புனேயில் மூண்ட தீ, எளிதில் பற்றும் நைட்ரேட் சுருள்கள் பலவற்றைச் சாம்பலாக்கியது.

காப்பகத்தையன்றி ஒரு படத்தைக் காக்க வேறு வழி உண்டா? உண்டு, பல்லாயிரம் இல்லங்களில் பல்லாயிரம் பிரதிகள் இருத்தல். அச்சு நூல் நிலைத்தது அவ்வாறன்றோ? ஆனால் நெடுங்காலம் திரைப்படத்திற்கு அது கூடாததாயிருந்தது. 35 மில்லிமீட்டர் சுருள் நிமிடத்திற்கு 90 அடி ஓடும். இரண்டரை மணி நேரப் படத்திற்கு 13,500 அடி வேண்டும். தகரப் பெட்டிகளில் அடைக்கப்பெற்று இரயில் பார்சலில் ஊர் ஊராய்ச் சென்ற அப்பெட்டிகளைப் பற்றி, அலுவலகத்து மூத்தோர் கூற நாம் கேட்டிருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலையில் பெட்டி வந்து இறங்காவிடில் கொட்டகைக்காரர் மேடையிலேயே நின்று தவிப்பராம். அத்துணைச் சுமையை எவர் தம் வீட்டு அலமாரியில் வைப்பர்?

இந்நிலையை மாற்றியது ஜப்பானியரின் நாடா. 1975இல் சோனி நிறுவனத்தார் பீட்டாமாக்ஸ் கருவியையும், 1976இல் ஜே.வி.சி. நிறுவனத்தார் வி.எச்.எஸ். கருவியையும் விற்பனைக்குக் கொணர்ந்தனர். முன்னதன் தொடக்க நாடா ஒரு மணி நேரமே ஓடும்; பின்னது இரண்டு மணி நேரம். வி.எச்.எஸ். வென்றதற்கு இதுவும் ஒரு காரணம். 1977இல் அமெரிக்காவில் ஆந்த்ரே பிளே என்பார் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுவனத்தின் 50 படங்களுக்கு உரிமை பெற்று நாடாவில் விற்றார். படத்தை விலைக்கு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்னும் எண்ணம் பொதுமக்களிடையே வேரூன்றியது அதன் பின்னரே.

நம் நாட்டில் 1982ஆம் ஆண்டு தில்லி ஆசிய விளையாட்டை ஒட்டி வண்ணத் தொலைக்காட்சி வந்தது. கேரளத்திலோ வளைகுடா நாடுகளிலிருந்து திரும்பியோர் பெட்டிகளில் வீடியோக் கருவி முன்னமே வந்திறங்கலாயிற்று. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் நிலையம் 1985 ஜனவரி முதல் நாளன்றே தொடங்கியதால், இவ்வூர்ப் பல இல்லங்களில் தொலைக்காட்சியும் நாடாவும் ஏறத்தாழ ஒருங்கே குடிபுகுந்தன எனலாம். நம் மக்கள் அக்கருவியை 'டெக்' என்றனர். திருமண வீட்டில் இரவெல்லாம் டெக் வைத்து மூன்று படம் போடுவது ஒரு சிறப்பாகவே கருதப்பட்டது. மூன்றாம் படத்தைக் கண் திறந்து பார்த்தவர் எத்தனை பேரோ அறியோம்!

அக்காலத்தில் நாடாவை விலை கொடுத்து வாங்கினோர் மிகச் சிலர். வாடகைக்கு எடுத்தலே வழக்கம். அதனால் மக்கள் கண்டது பெரும்பாலும் படியைப் படியெடுத்த படி. நாடாவில் ஒவ்வொரு முறை படியெடுக்கும்போதும் உருவம் மங்கும், ஒலி தேயும், வண்ணம் வழியும். நான்காம் தலைமுறைப் படியில் நடிகர் திலகத்தின் கண்ணசைவைக் கண்டார் எவருமிலர். பாராளுமன்றம் 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, திருட்டுப் படிக்குக் கடுஞ்சிறை விதித்தது. அத்திருத்தம் வாங்குவோர்க்கு நல்லதோர் அளவுகோலையும் தந்திருக்கிறது. வீடியோப் படத்தின் உறையில் தணிக்கைச் சான்றிதழின் நகலும், வெளியிட்டவர் பெயர் முகவரியும், உரிமையாளர் பெயர் முகவரியும் இருத்தல் வேண்டும் என்பது சட்டம். கடைக்காரர் சொல்லை நம்புவதினும் இம்மூன்றையும் உறையில் தேடுவது மேல்.

அடுத்து வந்தது குறுந்தகடு. 1993இல் வகுக்கப்பெற்ற வீடியோ சி.டி. ஒன்றில் 74 நிமிடமே கொள்ளும். ஆதலால் தமிழ்ப்படம் ஒன்றிற்கு இரண்டு அல்லது மூன்று தகடு வேண்டியிருந்தது. சண்டை உச்சத்தில் எழுந்து தகடு மாற்றிய பாடு அன்பர்கள் மறந்திரார். 1996இல் ஜப்பானில் தோன்றிய டி.வி.டி. தகடோ உருவத்தில் ஏறத்தாழ நான்கு மடங்கு நுட்பம் உடையது. வீடியோ சி.டி.யின் சட்டகம் 352க்கு 288 புள்ளி, டி.வி.டி.யினது 720க்கு 576. பெருக்கிப் பார்த்தால் விளங்கும்.

இனி நம் கதையின் நடுநாயகமான செய்திக்கு வருவோம். வெற்றுத் தகடு செய்து உலகெங்கும் விற்றுவந்த மோசர் பேர் என்னும் இந்திய நிறுவனம், 2007ஆம் ஆண்டு வாக்கில் படத்தகடு விற்பனையில் இறங்கியது. வீடியோ சி.டி. 28 ரூபாய், டி.வி.டி. 34 ரூபாய் என விலை வைத்தது. அதுவரை நூற்றுக்கணக்கில் விலை கூறப்பட்ட பொருள் அது! தமிழ்ப் படங்களும் அவ்விலைக்கே கிடைத்தன. உரிமையுள்ள தகடு திருட்டுத் தகட்டின் விலைக்கு இறங்கி வந்தது இந்நாட்டில் அதுவே முதன்முறை எனலாம். ஐவர் கொண்ட குடும்பம் 34 ரூபாய்த் தகட்டை நான்கு முறை பார்த்தால், ஆள் ஒன்றுக்குக் காட்சி ஒன்றுக்கு 1 ரூபாய் 70 காசு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் நம்மனோர்க்கு இக்கணக்கு எளிதில் புலப்படும். நாமும் அந்நாளில் சம்பள நாள்தோறும் ஒன்றிரண்டு வாங்கி அடுக்கினோம். வீட்டில் மலையாளமும் ஆங்கிலமும் கலந்து பேசும் பிள்ளைகள், பாட்டியின் மடியிலிருந்து 'திருவிளையாடல்' தகட்டை ஓட்டி ஓட்டிப் பார்த்துக் கற்ற தமிழ் சிறிதன்று. நாகேஷ் அவர்களின் தருமி பேசும் தமிழைப் பள்ளியில் எவர் கற்பிப்பார்? இக்காலனியில் தமிழ் எழுத்தறியாத பிள்ளை பலர், தமிழ்ச் செவியறியாத பிள்ளை சிலர். அச்செவியைக் காத்ததில் அத்தகடுகட்குப் பங்கு உண்டு.

ஆயினும் மலிவாயிற்று என்று அனைத்தையும் வாங்கலாகாது. முதலாவது, படத்தின் அகலம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகிய 'இராஜராஜ சோழன்' 1973இல் வந்தது. அவ்வகைப் படத்தின் அகலம் உயரத்தைப் போல் 2.35 மடங்கு, பழைய தொலைக்காட்சிப் பெட்டியினது 1.33 மடங்கே. பெட்டி நிறையவேண்டும் என்று இருபுறமும் வெட்டினால் படத்தில் நூற்றுக்கு 43 பங்கு போய்விடும். அவையில் நிற்கும் அமைச்சரும் புலவரும் மறைந்து, மன்னன் காற்றோடு உரையாடுவான். மேலும் கீழும் கரும்பட்டை தெரிகிறதே, ஏமாற்றிவிட்டார்களே என்று கடையில் சண்டையிட்டோரை நாம் கண்டதுண்டு. உண்மையில் அப்பட்டையுடைய தகடே முழுப்படம்.

இரண்டாவது, ஒரே தகட்டில் மூன்று படம் என்னும் விளம்பரம். ஓரடுக்கு டி.வி.டி. கொள்வது 4.7 ஜிகாபைட். ஒரு படத்திற்கு உரிய இடத்தில் மூன்றைத் திணித்தால் முகமெல்லாம் கட்டங்கட்டமாய்ச் சிதறும். மூன்றாவது, பாடல் நறுக்குதல். இடமின்மையாலோ சோம்பலாலோ பாடல்களை வெட்டிவிட்ட பதிப்புகள் பல உண்டு. 1954இல் ஏவி.எம். தயாரித்த 'அந்த நாள்' பாடலே இல்லாத படமாதலால், நறுக்குவோர்க்கு அதில் வேலை குறைவு! வெளியீட்டாளர் தம் நிறுவன முத்திரையைப் படம் நெடுக மூலையில் பொறித்து வைப்பதும் நம் தமிழ்த் தகடுகளின் தீராக் குறை. நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் பதிப்பாளர் தம் பெயரைப் பாட்டின் மேலேயே அச்சிட்டால் பொறுப்போமா?

திருட்டுத் தகடு பற்றியும் ஒரு சொல். இந்நகரின் பீமாபள்ளிக் கடைத்தெரு அதற்கு நெடுநாள் பெயர்போனது. ஐரோப்பிய, ஈரானியப் படங்களை இங்குள்ள இளைஞர் பலர் முதலில் கண்டது அத்தெருத் தகடுகளாலே என்பதை மறைப்பதற்கில்லை. 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணன் முதலியோர் சித்ரலேகா திரைப்படச் சங்கம் கண்ட நகரம் இது. நல்ல படத்திற்கு இங்கே பசி மிகுதி, விற்போர் குறைவு. ஆயினும் படைத்தவனுக்குக் காசு சேராத வழி நல்வழியாகாது. தமிழ்நாட்டு அரசு 2004இல் வீடியோத் திருடரைக் குண்டர் சட்டத்தின் கீழேயே கொணர்ந்தது. இயக்குநர் சேரன் 2015 மார்ச்சில் தம் 'ஜே.கே. எனும் நண்பனின் வாழ்க்கை' படத்தை வெளியீட்டன்றே 50 ரூபாய்த் தகடாக வீடுகட்கு அனுப்பும் திட்டம் வகுத்தார். துணிவான முயற்சி, தொடர்ந்து நிலைக்கவில்லை. மோசர் பேர் நிறுவனமும் 2018இல் கலைப்பு ஆணைக்கு உள்ளாயிற்று.

இன்று இணையத்தில் மாதச் சந்தா கட்டினால் எண்ணற்ற படம் காணலாமே, தகடு எதற்கு என்பர் இளையோர். புதுப்படத்திற்கு அவர் கூற்று பொருந்தும். ஒருமுறை பார்த்து மறக்கும் படத்தை விலைக்கு வாங்கி அலமாரியை நிறைப்பானேன்? ஆனால் சந்தாவில் நாம் பெறுவது பார்க்கும் இசைவே. நிறுவனத்தின் ஒப்பந்தம் முடிந்த மறுநாள் படம் மறையும். ஆகவே பழம்படங்களுள் முழு அகலமும் பாடலும் உடைய உரிமைத் தகடு பழைய கடையில் கிடைப்பின் தயங்காது வாங்குக என்பதே நம் துணிபு. அரவிந்தனின் 'தம்பு', 'கும்மாட்டி' இரண்டிற்கும் மூல நெகடிவ் கிடைக்காமையால், புனேயில் எஞ்சியிருந்த பிரதிகளைக் கொண்டே அண்மையில் செப்பனிட்டனர். 'தம்பு' 2022இல் கான் விழாவில் திரையிடப்பெற்றது. எஞ்சும் பிரதி எதுவும் ஒருநாள் மூலமாகலாம். 1964இல் வந்து 2012இல் செப்பனிடப்பட்டு மீண்டும் ஓடிய 'கர்ணன்' படத்திற்குரிய 60 ஆண்டு உரிமைக் காலம் 2024 இறுதியோடு முடிந்தது. இனி அவ்வாண்டுப் படங்களைப் பலரும் வெளியிடக்கூடும்; ஆதலால் பதிப்பின் தரம் காணல் முன்னிலும் இன்றியமையாதது.

விலைக்குக் கிடையாத நாடா ஒன்றுண்டு. காலனி இல்லங்கள் பலவற்றில், திருமணமும் சீமந்தமும் சங்க ஆண்டு விழா நாடகமும் பதிந்த வி.எச்.எஸ். பேழைகள் கட்டிலின் அடியில் கிடக்கின்றன. அவற்றிற்கு இரண்டாம் பிரதி உலகில் எங்கும் இல்லை. இவ்வூர் ஈரக்காற்றில் நாடாவின்மேல் வெண்பூசணம் படர்கிறது. அக்கருவியைக் கடைசியாகச் செய்துவந்த ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. பழுது நீக்கத் தெரிந்தோரும் அருகி வருகின்றனர். பூசணம் பிடித்த நாடாவைத் துடைக்காமல் ஓட்டினால் நாடாவும் அறும், கருவியின் தலையும் கெடும். ஆகவே முதலில் உலர்த்தித் துடைத்து, பின் கணினியில் படியெடுத்து, இரண்டு இடங்களில் வைத்தல் வேண்டும். பேழையின் மேல் ஒட்டிய தாளில் மை மங்கியிருப்பின், அதில் யார் யார் இருக்கின்றனர் என்பதை வீட்டு மூத்தோரிடம் கேட்டு இப்போதே எழுதி வைக்க.