பெட்டி நம்பரும் பில்டரும்: போட்டோ பேப்பரின் கதை

சிடி ஸ்கேன் ஒரு தடவை எடுத்தா போதும். அதே டேட்டாவுல நுரையீரலுக்கு ஒரு விண்டோ, எலும்புக்கு இன்னொரு விண்டோன்னு திரையில் மாத்தி மாத்திப் பார்ப்போம். கிட்டத்தட்ட இதே வசதி போட்டோ பேப்பருக்கு 1940-லேயே வந்துடுச்சு. அதைப் பத்தித்தான் இந்த த்ரெட்.

அதுக்கு முன்னாடி எல்லாமே கிரேடு பேப்பர். கான்ட்ராஸ்ட் பேக்டரியிலேயே முடிவாகி, பெட்டி மேல நம்பரா வரும். 1 மென்மை, 2 நார்மல், 4, 5 எல்லாம் கடுமை. சப்புன்னு இருக்கிற நெகட்டிவ்வுக்குக் கடுமையான பேப்பர், உச்சி வெயிலில் எடுத்ததுக்கு மென்மையான பேப்பர். அப்போ ஸ்டுடியோக்காரர் எத்தனை பெட்டி வாங்கி வைக்கணும்னு யோசிச்சுப் பாருங்க. ஒவ்வொரு நம்பரிலும், ஒவ்வொரு சைஸிலும்!

1940-ல் இங்கிலாந்தின் இல்ஃபோர்டு கம்பெனி மல்டிகிரேடு பேப்பரைக் கொண்டு வந்தது. ஒரே தாள்தான். நீல ஒளி பட்டால் கான்ட்ராஸ்ட் கூடும், பச்சை பட்டால் குறையும். என்லார்ஜரில் மஞ்சள் பில்டர் போட்டால் நீலம் தடைபட்டு படம் மென்மையாகும். மெஜந்தா போட்டால் பச்சை தடைபட்டுக் கடுமையாகும். இதுல பெரிய லாபம் என்னன்னா, ஒரே பிரிண்ட்டில் வானத்துக்கு ஒரு பில்டர், தரைக்கு வேறொன்று போடலாம். கிரேடு பேப்பரில் அதுக்கு வழியே இல்லை.

சுவாரஸ்யம் என்னன்னா, அதே 1939-40 வாக்கில்தான் அமெரிக்காவில் ஆன்செல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் ஜோன் சிஸ்டத்தை உருவாக்கினாங்க. நெகட்டிவ்வையே அளந்து கழுவி, நார்மல் பேப்பருக்குப் பொருந்த வைக்கிற முறை. ஒரே நோய், ரெண்டு வைத்தியம். ஷீட் பிலிமில் ஒவ்வொரு நெகட்டிவ்வையும் தனியா கழுவலாம், அதனால சரிப்படும். 36 படம் உள்ள ரோலில்? வெயில், நிழல், கல்யாண மண்டபம் எல்லாம் ஒரே டாங்கில்தான் கழுவணும். அங்கே மல்டிகிரேடுதான் என் ஓட்டு.

ஆனாலும் பழைய கைகள் ரொம்ப காலம் நம்பல. கறுப்பு ஆழமா விழலைங்கிறது அவங்க குறை. கிரேடு பேப்பருக்கு பச்சை தெரியாது, அதனால டார்க் ரூம் விளக்கு கொஞ்சம் தாராளமா இருக்கலாம். மல்டிகிரேடுக்கு அந்தத் தாராளம் கிடையாது.

பிறகு டிஜிட்டல் வந்தது. 2004-ல் இல்ஃபோர்டே கடனில் மூழ்கி, அதன் மேலாளர்கள் வாங்கிக் காப்பாத்தினாங்க. 2005-ல் கோடக் கறுப்பு வெள்ளை பேப்பரையே நிறுத்தப் போறதா அறிவிச்சது. விற்பனை சுருங்கின காலத்துல அஞ்சு நம்பருக்கு அஞ்சு பேப்பர் தயாரிக்கிறது யாருக்குக் கட்டுப்படியாகும்? இன்னிக்குக் கடையில் சுலபமா கிடைக்கிறது மல்டிகிரேடு வகைதான்.

பரணில் பழைய கிரேடு பெட்டி கிடைச்சா தூக்கிப் போடாதீங்க, வெளிச்சத்துல திறக்கவும் வேண்டாம். டார்க் ரூமில் ஒரு துண்டை வெளிச்சமே காட்டாம டெவலப்பர்ல போட்டு, பிறகு பிக்ஸர்ல போடுங்க. வெள்ளையாவே நின்னா பேப்பருக்கு இன்னும் உயிர் இருக்கு.