தாரா பிரசாத்

இந்திய மகளிர் ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனை. 2022, 2023, 2025 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் பெற்றவர். அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தைச் சேர்ந்த சீடர் ராப்பிட்ஸ் நகரில், அங்குக் குடியேறிய தமிழ்ப் பெற்றோருக்கு மகளாக 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் பிறந்தார்.

திருச்சிராப்பள்ளியின் பாலக்கரையில் சித்திரை வெயிலில் நடப்பவர் பனிக்கட்டியைக் காண்பதெல்லாம் சர்பத் கடைக்கு வந்திறங்கும் பாளங்களில்தான். ஃபிகர் ஸ்கேட்டிங் கலைக்கோ 60 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட உறைந்த தளம் ஆண்டு முழுவதும் வேண்டும். காலணியின் அடியில் பொருத்திய எஃகு அலகு ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர் அகலமே உள்ளது. அதன் அடிப்புறம் நடுவில் குழிந்து உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டாகப் பிரிந்திருப்பதால், ஆடுபவர் தம் தேகத்தை எப்பக்கம் சாய்க்கிறாரோ அந்த விளிம்பின் வளைவிலேயே தளம் அவரை ஏந்திச் செல்லும். தாவல்களுள் முன்னோக்கி எழும்புவது ஆக்ஸல் ஒன்றே. எழும்பியவர் ஏனைய தாவல்களைப் போலவே ஒற்றைக் காலின் வெளிவிளிம்பில் பின்னோக்கி இறங்கவேண்டியிருப்பதால், அதில் மட்டும் அரைச் சுற்று மிகையாகிறது. ஒவ்வோர் அங்கத்துக்கும் உரிய அடிப்படை மதிப்பெண்ணுடன், அது நிறைவேறிய தரத்துக்கேற்பக் கூட்டல் ஐந்து முதல் கழித்தல் ஐந்து வரையிலான படிகளை நடுவர்கள் வழங்குவர். அமைப்பு, வெளிப்பாடு, சறுக்குத் திறன் ஆகிய மூன்றும் தனியே மதிக்கப்படும். நுட்பத்தையும் லாவண்யத்தையும் ஒருங்கே வேண்டுகிற இவ்வித்தை நாள்தோறும் இடையறாத அப்யாசமின்றிக் கைவராது.

அத்தகைய அப்யாசத்துக்கு நம் நாட்டில் இடம் மிகக் குறைவு. 1920இல் தொடங்கிய சிம்லாவின் திறந்தவெளித் தளம், இரவில் நீர் தெளித்து இயற்கைக் குளிரால் உறையவைக்கப்படுவது. ஆகவே குளிர்காலத்துச் சில வாரங்களுக்கே பயன்படும். தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகளின்பொருட்டு 2011இல் டேராடூனில் எழுந்த செயற்கைத் தளமோ பல்லாண்டுகள் மூடிக் கிடந்தது. இந்தியாவின் சார்பில் உலக அரங்கேறிய முன்னோடியான அமி பரேக் அமெரிக்காவில் பிறந்தவராக இருந்ததும், தாரா கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் பயின்றதும் இக்காரணத்தாலேயே. இதனைக் கொண்டு தாராவை அயலார் என்று கருதுவோரும் உண்டு, அது நியாயமன்று. இந்தியக் கடவுச்சீட்டு உடையவரே இந்தியாவுக்காக ஆடலாம் என்பது அரசின் விதி. இரட்டைக் குடியுரிமையை நம் அரசியலமைப்பு ஒப்புவதில்லை. வசதிகள் யாவும் நிறைந்த நாட்டின் பிரஜையாகப் பிறந்தவர், 2019இல் இந்தியக் குடியுரிமை ஏற்று, ஆதரவு குறைந்த கொடியின்கீழ் நிற்க முன்வந்தாரெனில், அம்முடிவையே அவரது வாழ்க்கையின் முதல் சாதனையாகக் கொள்ளவேண்டும்.

2022 ஜனவரியில் எஸ்டோனியாவின் தாலின் நகரில் நடைபெற்ற நான்கு கண்டங்களின் சாம்பியன் போட்டியில் பங்கேற்றார். மூன்றாண்டுகளுக்குப் பின், 2025 பிப்ரவரியில் சீனத்தின் ஹார்பின் நகரில் கூடிய ஆசியக் குளிர்கால விளையாட்டுகளில், தென்கொரியாவின் கிம் சே-யான் தங்கமும் ஜப்பானின் காவோரி சாகமோத்தோ வெள்ளியும் வென்ற மகளிர் தனிநபர் பிரிவில், தாரா எட்டாம் ஸ்தானம் எய்தினார். சாகமோத்தோ அதற்குமுன் மும்முறை உலகப் பட்டம் வென்றிருந்தவர் என்பதை நினைத்தால், முழு அளவுள்ள தளமொன்றை ஆண்டு முழுதும் நிலையாக நடத்த இயலாதிருந்த தேசத்தின் பெயரால் அவரோடு ஒரே அரங்கில் ஆடிப் பெற்ற எட்டாமிடத்தின் கனம் புலப்படும். எனினும் ஒலிம்பிக் அரங்கில் இக்கலையில் இந்தியர் எவரும் இதுகாறும் இறங்கியதில்லை.

தமிழ்நாட்டில் ஸ்கேட்டிங் என்றால் சக்கரக் காலணிதான். அதற்குச் சிமெண்டுத் தளமும் காலைப்பொழுதும் போதும். அதனால்தான் சென்னையிலேயே வளர்ந்த ஆனந்த்குமார் வேல்குமாரால், 2025 செப்டம்பரில் சீனத்தின் பெய்தாய்ஹேயில், வேகச் சறுக்கின் 1000 மீட்டர் ஓட்டத்தில் உலகப் பட்டம் வெல்ல முடிந்தது. பனித்தளமும் அவ்வாறே எட்டும் தூரத்தில் இருப்பின், தாராவைப் போன்றோர் இங்கேயே உருவாவர் என்பதில் ஐயமில்லை. டேராடூன் தளம் புதுப்பிக்கப்பட்டு, 2025 ஆகஸ்டில் குறுந்தள வேகச் சறுக்கின் ஆசிய ஓப்பன் போட்டி அங்கு நடந்தேறியது. அத்தளம் இனியேனும் ஆண்டு முழுவதும் திறந்திருத்தல் வேண்டும். தென்னாட்டிலும் ஒன்று அமைதல் வேண்டும்.