இரண்டு சென்டிமீட்டர் இருப்புப்பாதை

கள்ளக்குறிச்சிக்காரர்களுக்கு ரயில் என்றால் நெடுங்காலம் சின்னசேலம்தான். சேலம்–விருத்தாசலம் பாதையில் உள்ள அந்நிலையத்தில், 2007-இல் அகலப் பாதை வருவதற்கு முன், ஓடியவை மீட்டர் பாதை வண்டிகள். அக்காலத்து நான்கு சக்கர நிலக்கரி வேகன் ஒன்றை அட்டையில் செய்து பார்க்க மாணவர்களுடன் உட்கார்ந்தேன். ஐம்பதில் ஒரு பங்கு அளவு. ஒரு மீட்டர் பாதை 2 செ.மீ. ஆகிவிடும். சைக்கிள் சக்கரக் கம்பி அச்சாயிற்று; சட்டைப் பொத்தான்கள் சக்கரங்களாயின.

எடையில்தான் வேடிக்கை. நீளம் 50 மடங்கு குறைந்தால் கன அளவு 50×50×50, அதாவது 1,25,000 மடங்கு குறையும். வேகனில் 15 டன் கரி என்று வைத்துக்கொண்டால், மாதிரியில் 120 கிராம். அச்சின் குறுக்குவெட்டுப் பரப்போ 2,500 மடங்குதான் குறைகிறது. ஆகவே அச்சின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை, உண்மை வண்டியில் உள்ளதில் ஐம்பதில் ஒரு பங்கே. பொம்மை முறியவில்லை என்பதால் உண்மை வண்டியும் முறியாது என்று எண்ணிவிடக் கூடாது.

ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் அகலப் பாதையையும் வரைந்தோம். உண்மையில் 1,676 மி.மீ.; மேசைமேல் 33.5 மி.மீ. வெள்ளிமலையிலிருந்து வரும் மாணவன் கேட்டான்: "ரெண்டு அளவு எதுக்கு சார்?"

நல்ல கேள்வி. டல்ஹவுசி காலத்தில் இந்தியாவுக்கு அகலப் பாதையே விதி. அதற்குச் செலவு அதிகம் என்று 1870-இல் மேயோ பிரபுவின் அரசு குறுகிய பாதையை ஏற்றது. முதலில் எண்ணியது 3 அடி 3 அங்குலம். மெட்ரிக் அளவைகள் விரைவில் வரப்போகின்றன என்று நம்பி அதை ஒரு மீட்டராக்கினார்கள். கடைத்தெருவுக்கு மீட்டர் வந்ததோ 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகு! நாகப்பட்டினம்–திருச்சிப் பாதை அகலமாகப் பிறந்து, 1870-களில் மீட்டராகக் குறுகி, மறுபடி அகலமாயிற்று. ஒரே ஊர், மூன்று முறை தண்டவாள வேலை.

பாதை போடுவதில் மிச்சமான பணம் சந்திப்புகளில் கரைந்தது. நெய்வேலியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. நீராவி என்ஜின்களுக்கான கரி ராணிகஞ்ச், சிங்கரேணி போன்ற தொலைவிடங்களிலிருந்து வரவேண்டும். அகலப் பாதையில் வந்த கரியை, இரு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் ஆட்கள் வாரி மீட்டர் பாதை வேகனுக்கு மாற்ற வேண்டும்.

நாங்களும் மாற்றிப் பார்த்தோம். அகலப் பாதை வேகன் செய்யப் பொறுமை இல்லாததால் அதன் இடத்தில் ஒரு சோப்பு டப்பா. கரண்டியால் வாரிக் கொட்டியபின் தராசில் வைத்தால் 120 கிராம் 113 ஆகியிருந்தது! இந்தக் கணக்கை உண்மை வேகனுக்கு நீட்டிவிடாதீர்கள். கரண்டி பிடித்தவர் முதலாண்டு மாணவர்.

கூடைக் கணக்கை நீட்டலாம். கூடைக்கு 25 கிலோ என்றால், 15 டன் வேகன் ஒன்றுக்கு 600 கூடைகள். அதைச் சொன்னதும் வெள்ளிமலை மாணவன் சோப்பு டப்பாவைத் தள்ளிவிட்டு, இரண்டு பாதைகளுக்கும் இடையே உள்ள 13.5 மி.மீ. வித்தியாசத்தை அளவுகோலால் மறுபடி அளந்தான்.