தோம்பிலிருந்து கணினித் திரை வரை

யாழ்ப்பாணத்துக் காணி உறுதி ஒன்றைக் கையிலெடுத்துப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். காணியின் பெயர், பரப்பு, நான்கு எல்லைகள், கிணற்றில் பங்கு, வழி வாய்க்கால் ஆகியவற்றோடு அது எந்தக் கோவிற்பற்றைச் சேர்ந்தது என்ற குறிப்பும் அதில் இருக்கும். இந்தக் கோவிற்பற்று நமது சைவ ஆலயங்களைக் குறிப்பதன்று. 1619இல் குடாநாட்டைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் தமது தேவாலயங்களை மையமாக வைத்து வகுத்த பிரிவே அது. அவர்கள் போய் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அந்தப் பிரிவு நமது உறுதிகளில் நிலைத்திருக்கிறது. அரசுகள் மாறினாலும் ஏடுகள் எளிதில் மாறுவதில்லை.

தோம்பு என்னும் சொல்லும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதே. காணியையும் அதன் சொந்தக்காரரையும் செலுத்தவேண்டிய இறையையும் எழுதிவைத்த ஏடு அது. 1658இல் வந்த ஒல்லாந்தர் தோம்பு எழுதுவதை விரிவாகத் தொடர்ந்தனர். குடிகளின் உரிமையைக் காக்கவேண்டும் என்ற கருணையினால் அன்று, வரி அறவிடுவதற்காகவே எழுதினர். ஆயினும் வரி கட்டியவனின் பெயர் ஏட்டில் ஏறியதால், அதுவே பின்னாளில் அவன் சந்ததியின் உரிமைக்குச் சாட்சியாயிற்று.

1707இல் ஒல்லாந்த அதிகாரியான கிளாஸ் ஐசாக்ஸ் குடாநாட்டு வழக்காறுகளைத் தொகுத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பரிசீலித்தனர். அதுவே தேசவழமை. 1806இல் பிரித்தானியர் அதற்குச் சட்ட வலுவளித்தனர். காணி விற்பனை பற்றி அதிற் கூறப்படுவது நமது இன்றைய சிந்தனைக்கு உரியது. காணியை விற்க விரும்புபவன் முதலில் முதுசகாரருக்கும் பங்காளிகளுக்கும் அயற்காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும் என்பது பழைய வழமை. ஒல்லாந்தர் காலத்தில், அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அறிவிக்கும் முறை வந்தது. முறை மாறியதேயன்றி நோக்கம் மாறவில்லை. உரித்துடையவன் காதில் விழாமல் காணி கைமாறக்கூடாது என்பதே அந்த நோக்கம்.

பிரித்தானியர் காலத்தில் காணி விவகாரம் ஊர்ச் சபையிலிருந்து கந்தோருக்குப் போயிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காணிக் கைமாற்றம் நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்படவேண்டும் என்றது. 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் கீழேயே குடாநாட்டு உறுதிகள் இன்றும் பதியப்படுகின்றன. இங்கு ஒரு நுட்பத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். இம்முறையில் பதியப்படுவது உறுதி மட்டுமே. எழுதிக் கொடுத்தவருக்கு உண்மையில் உரித்து இருந்ததா என்பதைப் பதிவகம் தீர்மானிப்பதில்லை. உரித்தையே பதிவதற்கு 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 'பிம் சவிய' என வழங்கும் திட்டம் அதன் வழியில் அமைந்ததே.

இப்பொழுது பதிவேடுகள் கணினிக்கு ஏறுகின்றன. இதனை நான் வரவேற்கிறேன். கறையான் அரித்த ஏட்டைவிடக் கணினிப் பிரதி மேலானது. கொழும்பிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் தமது காணியின் பதிவை இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடியுமானால், அது பேருதவி. ஆனால் கள்ள உறுதி ஒன்று ஏட்டில் இருந்தால், அது திரையிலும் கள்ள உறுதியாகவே இருக்கும். இயந்திரம் அதனைத் திருத்தப்போவதில்லை.

இதைவிடப் பெரிய கேள்வியை 2025 மார்ச் 28ஆந் தேதி வெளிவந்த வர்த்தமானி எழுப்பியது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடமாகாணத்தில் ஏறத்தாழ 5,900 ஏக்கருக்கு உரிமை கோருவோர் மூன்று மாதங்களுக்குள் முன்வரவேண்டும், இல்லையேல் அவை அரச காணியாகலாம் என்பது அதன் சாரம். எதிர்ப்பு எழுந்தது. அரசாங்கம் அதனை மீளப்பெறுவதாக அறிவித்தது. ஜூனில் உயர் நீதிமன்றமும் இடைக்காலத் தடை விதித்தது.

பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் எத்தனையோ வர்த்தமானி அறிவித்தல்களைச் சிறிய எழுத்தில் ஒரு மூலையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கிறேன். அவற்றை யார் படிப்பார்கள் என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து ஓடியவர்கள், 1995 ஒக்ரோபரில் வலிகாமத்தை விட்டுக் கால்நடையாக வெளியேறியவர்கள் ஆகியோரில் எத்தனைபேர் உறுதியைக் கையில் எடுத்துச் சென்றார்கள்? எத்தனைபேரின் பிள்ளைகள் இன்று வெளிநாட்டில் தமிழ் வாசிக்கத் தெரியாமல் வாழ்கிறார்கள்? போர்க்காலத்தில் உரிமை கோர முடியாதிருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. இல்லாதவனுக்கும் உரிமை உண்டு என்பதை நாடாளுமன்றமே ஏற்றுக்கொண்டதன் அடையாளம் அது.

ஆகவே ஒரு பதிவு முறையை அதன் வேகத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் போதாது. ஊரில் இல்லாதவனுக்கு அறிவித்தல் போய்ச் சேர்ந்ததா, பதிலளிக்க அவனுக்கு அவகாசம் இருந்ததா என்றும் கேட்கவேண்டும். முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னர் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போதுமாயிருந்தன. அன்று உரித்துடையவர்கள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

வாசக அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள முதியவர்களிடம் காணியின் பெயரையும் நான்கு எல்லைகளையும் கேட்டு எழுதிவையுங்கள். உறுதி இருந்தால் பிரதி எடுத்து வையுங்கள். காணியின் பெயரையே அறியாதவர் எந்தத் திரையில் எதைத் தேடுவது?