துரைத்தனம்: விவிலியத் தமிழில் ஒரு சொல்லின் வரலாறு

மனிதர் நடத்தும் அரசுகள் யாவற்றுக்கும் மேலே கடவுளின் ஆட்சி உண்டு என்பது கிறித்தவ நம்பிக்கையின் அடிப்படைகளுள் ஒன்று. அந்நம்பிக்கை தமிழில் எச்சொற்களால் உணர்த்தப்பட்டது என்னும் வினா மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. ஈண்டு ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

'துரை' என்பது தெலுங்குத் 'தொர' என்னும் சொல்லின் வழி வந்தது என்பர் அகராதியார். தலைவன், பெருமகன் என்பன அதன் பொருள். கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பெயர், பாளையக்காரர் குடியில் அச்சொல் வழங்கியமைக்குச் சான்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் 'துரை' வெள்ளை அலுவலரையும், 'துரைத்தனம்' அவர்தம் அரசாங்கத்தையும் குறிக்கலாயின.

1871இல் ஹென்றி பவர் தலைமையில் முழுமையாக வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு இச்சொல்லை விவிலியத்துள் ஏற்றது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் 'ஆர்க்கே', 'எக்சூசியா' என்னும் இரு சொற்கள் இணைந்து வரும் இடங்கள் பல. அவற்றை இம்மொழிபெயர்ப்பு 'துரைத்தனங்கள், அதிகாரங்கள்' எனப் பெயர்க்கிறது. தீத்துவுக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் துரைத்தனங்களுக்குக் கீழ்ப்படியுமாறு சொல்கிறது. கொலோசெயரின் முதல் அதிகாரத்தில் அத்துரைத்தனங்கள் கிறித்துவுக்குள் படைக்கப்பட்டவை. அடுத்த அதிகாரத்தில் அவை உரியப்பட்டு வெளியரங்கமாக்கப்படுகின்றன. எபேசியரின் ஆறாம் அதிகாரத்திலோ விசுவாசி போராடுவதே துரைத்தனங்களோடுதான். பின்னவை வானுலக ஆவிகளையே குறிக்கும் என்பாரும், மண்ணுலக அரசுகளையும் உள்ளடக்கும் என்பாரும் உளர்.

எப்பொருள் கொள்ளினும், மூலத்தின் ஒரு சொல்லுக்குத் தமிழிலும் ஒரு சொல்லே நின்றமையால் ஓர் அரிய விளைவு ஏற்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் கோயிலில் அமர்ந்து கேட்ட தமிழர்க்கு, கலெக்டர் கச்சேரியைக் குறித்த அதே சொல்லால் கீழ்ப்படிதலும் போராட்டமும் ஒருங்கே சொல்லப்பட்டன. உரோமையரின் பதின்மூன்றாம் அதிகாரத்தை மட்டும் படிப்பவர், அரசெல்லாம் கடவுள் நியமனம் என்று அடங்கிப் போகலாம். 'அதிகாரம்', 'நியமி' என்னும் அதன் சொற்கள் இன்றைய காதுக்கு அரசாணையின் நடையையே நினைவூட்டுவன. துரைத்தனம் வரும் இடங்களைச் சேர்த்துப் படிப்பவரால் அவ்வாறு அடங்க இயலாது. படைக்கப்பட்டது, ஆகவே எல்லைக்குட்பட்டது என்னும் எண்ணம் அச்சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது.

இம்மொழிபெயர்ப்பு வெளிவந்த மூன்றாண்டுகளுக்குப்பின், 1874இல், திருநெல்வேலி வெள்ளாளன்விளையில் பிறந்தவர் வே. ச. அசரியா. 1903இல் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்த அவர், ஐதராபாத் நிசாமின் ஆட்சிப்பகுதியிலுள்ள தோர்ணக்கல்லுக்குச் சென்று தெலுங்கு கற்றார். 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரானார். அவருடைய மறைமாவட்டம் பின்னர் விரிந்தபோது நிசாமின் குடிகளும் சென்னை மாகாணக் குடிகளும் அதில் ஒருங்கே இருந்தனர். பெரும்பாலோர் மாலா, மாதிகா மக்கள்.

தமிழகத்தில் வெள்ளையரைச் சுட்டிய 'துரை', தெலங்கானாவில் 'தொர' என்னும் மூல வடிவில் நிலக்கிழாரைச் சுட்டிற்று. கோட்டை போன்ற 'கடி'யில் வாழ்ந்து, 'வெட்டி' என்னும் கூலியற்ற கட்டாய வேலை வாங்கியவர் அவர். 1946 முதல் 1951 வரை நடந்த தெலங்கானா ஆயுதப் போராட்டம் இத்தொரைகளுக்கு எதிராகவும் எழுந்ததே. ஆகவே அசரியாவின் மக்கள் நாள்தோறும் முகங்கொடுத்த அரசு, நிசாமினும் வைஸ்ராயினும் அண்மையில், ஊர் எல்லையிலேயே இருந்தது.

கிறித்தவர்க்குத் தனித்தொகுதி வேண்டா என்று அசரியா வாதிட்டதை இப்பின்னணியில் நோக்கவேண்டும். 1932இன் வகுப்புவாரித் தீர்ப்பு அளித்த பாதுகாப்பை ஏற்பது திருச்சபையை ஓர் அரசியல் சாதியாக்கிவிடும் என அவர் அஞ்சினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சட்டப் பாதுகாப்பு எவ்வளவு தேவை என்பதை எண்ணுங்கால் இம்முடிவை எல்லாரும் ஏற்பர் எனச் சொல்ல முடியாது. இக்கட்டுரையாளர்க்கும் இதில் தயக்கம் உண்டு. ஆயினும் அரசின் தயவில் திருச்சபை நிற்கலாகாது என்னும் அவர் நிலைப்பாடு, கடவுளாட்சி பற்றிய நம்பிக்கையை வாக்குச்சீட்டு வரை கொண்டுசென்ற ஒன்று. 1945இல் அவர் மறைந்தார். நிசாம் ஆட்சி 1948 செப்டம்பரில் வீழ்ந்தது.

விடுதலைக்குப்பின் 'துரைத்தனம்' பொதுவழக்கில் மறைந்து, 'அரசு', 'அரசாங்கம்' என்பன நிலைத்தன. ஐக்கிய மொழிபெயர்ப்பை இன்று படிக்கும் இளைஞர்க்கு அச்சொல் ஆவியுலகத்தை மட்டுமே குறிக்கிறது. எனவே தீத்துவின் அறிவுரை அவர்க்கு விளங்குவதில்லை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் எபேசியர் பகுதியில் 'ஆட்சிபுரிவோர்' என்றாண்டு, அரசியற் பொருளுக்கும் இடம் வைத்தது.

தெலுங்கு விவிலியத்தின் நிலை வேறு. தீத்துவில் 'அதிபதுலு', எபேசியரில் 'பிரதானுலு' என ஒரு கிரேக்கச் சொல்லுக்கு அங்கு இரு சொற்கள். அடிபணிய வேண்டிய அரசும் எதிர்த்து நிற்க வேண்டிய அரசும் ஒன்றாயிருக்கக்கூடும் என்பதை அப்பாடம் செவிக்கு உணர்த்துவதில்லை. தோர்ணக்கல் மக்கள் நன்கறிந்த 'தொர' அவ்விரண்டு இடங்களிலும் இல்லை.